‘நீ யார்?’ என்று கேட்க மறந்த விளையாட்டு

2024 ஏப்ரலில் அமேசான் பிரைம் வீடியோவில் ‘ஃபால்அவுட்’ தொடர் வெளிவந்தது. அணுகுண்டுப் போரில் அழிந்துபோன அமெரிக்காவில், பூமிக்கடியில் கட்டிய காப்பிடங்களிலிருந்து வெளியே வரும் மனிதர்களின் கதை அது. தொடரைப் பார்த்த கையோடு பல நாடுகளில் ஏராளமானோர் அதற்கு மூலமான வீடியோ கேம்களைத் தேடிப் போனார்கள். அவர்களில் பலர் எடுத்து ஆடியது 2015-ல் வந்த ‘ஃபால்அவுட் 4’. பார்க்க அழகானது, பழகுவதற்கு எளிதானது, விற்பனையில் பெரும் சாதனை படைத்தது. ஆனால் 1997-ல் தொடங்கிய இந்த வரிசையை ஆரம்பத்திலிருந்து ஆடி வந்தவர்கள் பலருக்கு அந்த விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஏமாற்றம்தான். பழசைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்று அதை ஒதுக்கிவிடுவது சுலபம். அந்த ஏமாற்றத்துக்குள் திட்டவட்டமான ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. ஆதாரத்தோடு சரிபார்க்கக்கூடிய குற்றச்சாட்டு. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு, ஆடுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது ‘நீ யார்?’ என்பது. ஃபால்அவுட் 4 அதைக் கேட்கவில்லை. விடையைத் தானே எழுதிக் கையில் கொடுத்துவிட்டது.

பாத்திரமேற்று ஆடுவது என்றால் என்ன? 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இந்த வகைக்குத் தாய். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்வார்கள். ஒருவன் பலசாலி, ஆனால் மந்தபுத்தி. இன்னொருத்தி சாமர்த்தியசாலி, ஆனால் நோஞ்சான். இந்தக் குணங்களுக்கெல்லாம் எண்கள் உண்டு. கதையை நடத்திச் செல்பவர், பூட்டிய கதவு ஒன்று எதிரே இருக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார். கதவை உடைப்பதா, பூட்டைத் திறப்பதா, காவலாளியிடம் நைச்சியமாகப் பேசுவதா என்று அவரவர் பாத்திரத்துக்கு ஏற்ப முடிவெடுப்பார்கள். அந்த எண்ணும் பகடையும் சேர்ந்து விளைவைச் சொல்லும். இதே விளையாட்டு கணினிக்கு வந்தபோது, நடத்துபவரின் இடத்தில் முன்பே எழுதி முடித்த நிரல் வந்து உட்கார்ந்தது. எதிர்பாராத ஒன்றை ஆடுபவர் செய்தால், அந்த நிமிடமே கதையை வளைத்துக்கொள்ள அதனால் முடியாது. எத்தனை விதமான ஆட்கள் வரக்கூடும் என்று எழுதுகிறவர்கள் முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வழி வைத்திருக்க வேண்டும். சண்டையும் படமும் இசையும் எல்லா விளையாட்டிலும் உண்டு. இந்த முன்யோசனைதான் பாத்திரமேற்பு விளையாட்டுக்கே உரியது. அதன் தரத்தை இதைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

1997-ல் இன்டர்பிளே நிறுவனத்தில் டிம் கெய்னும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய முதல் ஃபால்அவுட், இந்த அளவுகோலில் மிக உயரத்தில் நிற்கிறது. உடல்வலு, கூர்நோக்கு, தாங்குதிறன், வசீகரம், அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு அடிப்படைக் குணங்கள். அவற்றின் மேல் துப்பாக்கி சுடுவது முதல் பேரம் பேசுவது வரை 18 திறன்கள். மூன்றைத் தன் சிறப்புத் திறன்களாக ஆடுபவர் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒன்றில் தேர்ந்தவர் இன்னொன்றில் தடுமாறுவார். அறிவுக்கான எண்ணை மிகக் குறைவாக வைத்துக்கொண்டால், விளையாட்டு முழுக்க உங்கள் பாத்திரத்தால் ஒரு வாக்கியம் சரியாகப் பேச முடியாது. உறுமலும் உளறலும்தான் வரும். எதிரே இருப்பவர்கள் சிலர் இரக்கப்படுவார்கள், சிலர் விரட்டுவார்கள். 1998-ல் வந்த இரண்டாம் பாகத்தில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். அதில் டோர் என்றொரு மனவளர்ச்சி குன்றிய இளைஞன் வருகிறான். மற்றவர்களிடம் திக்கித் திணறும் அவன், ஆடுபவரின் பாத்திரமும் மந்தபுத்தியாக இருந்தால் அவரோடு அறிஞர்களைப் போலச் சரளமாக உரையாடுவான். எத்தனை பேர் அப்படி ஒரு பாத்திரத்தோடு அவனிடம் வந்து நிற்பார்கள்? மிகச் சிலரே. அந்தச் சிலருக்காகவும் உட்கார்ந்து எழுதினார்கள் என்பதுதான் அந்த விளையாட்டின் பெருமை.

கதையும் இதே நேர்மையோடுதான் நடக்கும். உங்கள் காப்பிடத்தில் குடிநீரைச் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிவிட்டது. வேறொன்றைக் கண்டுபிடிக்க 150 நாள் அவகாசம். இந்த அவசரம் பேச்சளவில் நிற்பதில்லை. நாள் கடந்தால் ஆட்டம் முடிந்துவிடும். தண்ணீர் வணிகர்களை அனுப்பி வைத்தால் இன்னும் 100 நாள் கிடைக்கும். ஆனால் முதலில் வெளியான வடிவில், அந்த வணிகர்களின் போக்குவரத்தே காப்பிடத்தை எதிரிகள் சீக்கிரம் கண்டுபிடிக்க வழிசெய்துவிடும். இறுதியில் ‘மாஸ்டர்’ என்ற பகைவனைச் சந்திக்கிறோம். மனிதர்கள் எல்லோரையும் ஒரு வைரஸால் வலிமை மிக்க புது இனமாக மாற்றினால் இனிப் போரே இருக்காது என்று மனதார நம்புகிறவன் அவன். சுட்டு வீழ்த்தலாம், வெடிகுண்டை இயக்கிவிட்டு ஓடலாம். அல்லது, அவன் உருவாக்கிய இனத்தால் பிள்ளை பெற முடியாது என்பதற்கான சான்றைத் தேடி எடுத்து அவன் முன் வைக்கலாம். தன் கனவு வீண் என்று உணரும் மாஸ்டர் தானே எல்லாவற்றையும் அழித்துக்கொள்கிறான். கடைசிச் சண்டையை ஒரு வாதத்தால் வெல்லலாம்! ஆட்டம் முடிந்த பிறகு, நீங்கள் தொட்ட ஒவ்வொரு ஊரும் என்ன ஆனது என்று ஒரு குரல் வரிசையாகச் சொல்லும். நீங்கள் யாராக இருந்தீர்களோ, அதற்கேற்ப அந்த வரலாறு மாறும்.

முப்பரிமாணத்தின் மேல் பழி இல்லை

பிறகு இன்டர்பிளே கடனில் மூழ்கியது. இரண்டாம் பாகத்தை உருவாக்கிய அதன் பிளாக் ஐல் பிரிவு 2003-ல் மூடப்பட்டது. 2007-ல் பெதெஸ்டா நிறுவனம் ஃபால்அவுட்டின் உரிமையை 57.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2008-ல் வந்த மூன்றாம் பாகத்தில், மேலிருந்து பார்த்து முறைவைத்து ஆடிய விளையாட்டு, கண்ணெதிரே விரியும் முப்பரிமாண உலகமாக மாறியது. அன்றே பலர் முகம் சுளித்தார்கள். என் கணிப்பில் முறிவு நடந்த இடம் அதுவல்ல. மூன்றாம் பாகத்தில் திறன்கள் இருந்தன. வெடிக்காத அணுகுண்டைச் சுற்றிக் கட்டிய மெகாடன் என்ற ஊரைக் காப்பாற்றவும் முடிந்தது, வெடிக்க வைத்து அழிக்கவும் முடிந்தது. ஆனால் முடிவில் ஒரு சறுக்கல். கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் போய் உயிர்விட வேண்டிய கட்டத்தில், கதிர்வீச்சால் பாதிக்கப்படாத ஃபாக்ஸ் என்ற தோழன் பக்கத்திலேயே நிற்பான். அவனை அனுப்பினால் போக மறுத்துவிடுவான். கதைக்குத் தியாகம் தேவைப்பட்டதால், ஆடுபவரின் நியாயமான யோசனைக்கு அங்கே கதவு மூடப்பட்டது. கண்டனம் பலமாக எழுந்து, பின்னால் வந்த இணைப்பில் அதைத் திருத்தினார்கள். வரப்போவதற்கு அது முன்னறிகுறி.

முப்பரிமாணத்தில் பாத்திரமேற்பு முடியும் என்பதற்கு 2010-ல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ அசைக்க முடியாத சாட்சி. மூன்றாம் பாகத்தின் அதே தொழில்நுட்பத்தில், அப்சிடியன் நிறுவனம் ஒன்றரை ஆண்டில் செய்து முடித்தது. அந்தக் குழுவில் பழைய பிளாக் ஐல் ஆட்களும் இருந்தார்கள். அதன் தொடக்கத்தில் ஒரு சிற்றூரைக் கொள்ளையர் தாக்க வருகிறார்கள். வெடிபொருள் தெரிந்தவராக இருந்தால், ஒரு பெரியவர் ஒளித்து வைத்த டைனமைட்டை நம்பி எடுத்துத் தருவார். மருத்துவம் தெரிந்தவரென்றால் டாக்டர் மருந்து தருவார். பேரம் தெரிந்தவரென்றால் கடைக்காரர் இறங்கி வருவார். விருப்பமானால் கொள்ளையர் பக்கம் சேர்ந்து ஊரையே பிடிக்கலாம். பெரிய கதையில் மூன்று அதிகார சக்திகள் மோதுகின்றன. யாரோடும் சேரலாம், யாரையும் சுட்டுத் தள்ளலாம். எல்லோரையும் பகைத்துக்கொண்டவருக்கும் கதை முடிய வேண்டுமே என்று, அழித்தாலும் வேறு உடலில் திரும்பி வரும் ஒரு ரோபோவைத் துணைக்கு வைத்திருக்கிறார்கள். இப்படியும் ஒருவர் ஆடுவாரே என்று யோசித்து வைத்த ஏற்பாடு அது.

நான்கே பதில்கள்

2015-ன் ஃபால்அவுட் 4-க்கு வருவோம். முதன்முறையாக நாயகனுக்கும் நாயகிக்கும் குரல் கொடுத்தார்கள். இரண்டு நடிகர்கள் தலா 13,000 வசனத்துக்கு மேல் பேசினார்கள். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. காமிக்ஸ் வீரன் ஒருவனின் உடையை மாட்டிக்கொண்டு அவனைப் போலவே முழங்கும் கிளைக்கதையில் அந்தக் குரல் உண்மையிலேயே ரசிக்க வைக்கிறது. ஆனால் குரல் வந்ததும் அதன் விலையும் வந்தது. ஒவ்வொரு வரியையும் இரண்டு பேரை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்றால், நூறு பேரில் ஒருவர் மட்டும் தேர்ந்தெடுக்கும் வரியை எழுத மனம் வராது. மந்தபுத்திக்காரனின் உறுமலுக்கும் வெடிபொருள் வல்லுநரின் நுணுக்கத்துக்கும் இடம் போய்விட்டது. உரையாடல் நான்கு பொத்தான்களுக்குள் சுருங்கியது: ஆம், இல்லை, இன்னும் சொல், நக்கல். பல சமயம் இவை நான்கும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. பொத்தான் மேல் ஓரிரு சொற்களே தெரியும் என்பதால், தன் பாத்திரம் வாய் திறந்த பிறகே தான் என்ன சொன்னோம் என்பது ஆடுபவருக்குத் தெரிகிறது. முழு வாக்கியத்தையும் திரையில் காட்டும் ஒரு மாற்றுநிரலை ரசிகர்களே கொஞ்ச காலத்தில் எழுதி வெளியிட்டார்கள். அது பெரும் வரவேற்பைப் பெற்றது. குறை எங்கே இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

அடுத்து, திறன்கள் என்ற அடுக்கையே எடுத்துவிட்டார்கள். ஏழு குணங்களுக்குக் கீழே பத்துப் பத்தாக 70 சலுகைகள் கொண்ட ஒரு பட்டியல் அதற்குப் பதிலாக வந்தது. அவற்றில் பெரும்பாலானவை கூடுதல் சேதம், கூடுதல் பொருள், கூடுதல் ஆயுள் என்ற வகை. நீங்கள் மருத்துவரா, தச்சரா, திருடரா என்பதை உலகம் அநேகமாக எங்கேயும் கண்டுகொள்வதில்லை. பிறரை இணங்க வைக்கும் பேச்சு கிட்டத்தட்ட முழுக்க வசீகரம் என்ற ஒரே எண்ணைச் சார்ந்தது. அதுவும் நிகழ்தகவு; மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கஷ்டத்துக்கு ஏற்ற நிறம் தெரியும், பொத்தானை அழுத்தினால் பலித்தாலும் பலிக்கும். பலிக்காவிட்டால் சேமித்த இடத்துக்குத் திரும்பி மறுபடி அழுத்தலாம். மாஸ்டரை வென்ற வாதத்தில் ஆடுபவரின் தேடல் இருந்தது, சான்று இருந்தது, பல மணி நேரத்துக்கு முன் பாத்திரத்தை எப்படி அமைத்தோம் என்ற முடிவு இருந்தது. இங்கே மிஞ்சியது குலுக்கல்.

எல்லாவற்றையும்விட ஆழமான பிழை கதையின் அடித்தளத்திலேயே இருக்கிறது. ஆண் பாத்திரத்தைத் தேர்ந்தால் நீங்கள் முன்னாள் ராணுவ வீரர். பெண் பாத்திரத்தைத் தேர்ந்தால் சட்டம் படித்தவர். திருமணமாகிவிட்டது, ஷான் என்று கைக்குழந்தை இருக்கிறது. துணையைக் கண்ணெதிரே கொன்று குழந்தையைத் தூக்கிப் போகிறார்கள். அந்தக் கணத்திலிருந்து நீங்கள் பிள்ளையைத் தேடும் பெற்றோர். இந்தப் பாத்திரத்தைக் கொடூரனாகவோ, பொறுப்பற்ற நாடோடியாகவோ, எதிலும் பற்றில்லாத வியாபாரியாகவோ ஆடிப் பாருங்கள். வாய் திறந்தாலே குரலில் தாயின் தவிப்போ தந்தையின் தவிப்போ வந்து நிற்கும். நல்ல பெற்றோராக ஆடினாலோ விளையாட்டின் மற்றப் பாதி இடிக்கிறது. பிள்ளை எங்கோ தவிக்க, நீங்கள் மரம் வெட்டி, சுவர் எழுப்பி, ஊர் ஊராகக் குடியிருப்பு கட்டிக்கொண்டிருக்கலாம். இன்னொரு குடியிருப்புக்கு உதவி தேவை என்று பிரெஸ்டன் கார்வி என்ற தோழன் முடிவே இல்லாமல் அனுப்பிக்கொண்டே இருப்பான். அந்தப் பணிகளைக் கணினியே உற்பத்தி செய்கிறது. 150 நாள் கணக்கை மதித்த முதல் விளையாட்டில் அவசரம் நிஜம். இங்கே அது வசனத்தில் மட்டும். கடைசியில் நான்கு அணிகளில் எதைச் சேர்ந்தாலும் ஒரு சிறு காட்சி ஓடி முடிகிறது. நீங்கள் கட்டிய ஊர்களும் காப்பாற்றிய மனிதர்களும் பிறகு என்ன ஆனார்கள் என்று சொல்லும் குரல் இல்லை.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு விற்பனையைப் பற்றியது. வெளியான முதல் நாளில் 1.2 கோடிப் பிரதிகள், 75 கோடி டாலர் மதிப்பில் கடைகளுக்குப் போனதாக நிறுவனம் அறிவித்தது. 2016-ல் பாஃப்டாவின் சிறந்த விளையாட்டு விருதும் கிடைத்தது. இத்தனை பேர் தவறா? யாரும் தவறில்லை. துப்பாக்கிச் சண்டை முந்தைய பாகங்களைவிடப் பல மடங்கு மேம்பட்டிருக்கிறது. பாஸ்டன் நகரின் இடிபாடுகளில் அலைவது தனி சுகம். நிக் வேலன்டைன் என்ற இயந்திரத் துப்பறிவாளர் மறக்க முடியாத தோழர். இவற்றுக்காகக் கிடைத்த பாராட்டு நியாயமானது. ஆனால் முதல் நாள் விற்பனை என்பது, அதற்கு முன் வந்த பாகங்கள் சம்பாதித்த நம்பிக்கையின் கணக்கு. வாங்குகிறவர் இன்னும் ஆடியே பார்க்கவில்லை. நல்ல துப்பாக்கி விளையாட்டு என்ற பாராட்டும், நல்ல பாத்திரமேற்பு விளையாட்டு இல்லை என்ற குறையும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. இரண்டும் ஒருசேர உண்மை.

இரண்டாவது மறுப்பு, இது வெறும் பழைய நினைவின் மயக்கம் என்பது. முதல் இரண்டு பாகங்களில் குறைகள் ஏராளம். பிழைகள் மலிந்த நிரல், சண்டையில் துணைக்கு வருகிறவனே முதுகில் சுடும் கொடுமை, புதியவரை மிரட்டும் திரை. அவை மறைந்ததற்கு யாரும் அழ வேண்டியதில்லை. நினைவு மயக்கம்தான் காரணமென்றால், முதல் பாகத்துக்கு 13 ஆண்டு கழித்து, முற்றிலும் வேறு தோற்றத்தில் வந்த நியூ வேகாஸை அதே ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்டது பழைய கோணத்தையோ பழைய படத்தையோ அல்ல என்பதை அந்தக் கொண்டாட்டமே நிரூபிக்கிறது. ஃபால்அவுட் 4-லிருந்து தொடங்கி, பிறகு பின்னோக்கிப் போய் நியூ வேகாஸை ஆடி அசந்துபோகும் இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கு ஏங்குவதற்குப் பழைய நினைவே கிடையாது.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. இன்றைய பெரும் முதலீட்டில், முழுக் குரலும் சினிமாத் தரமும் எதிர்பார்க்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு விளையாட்டு செய்யும்போது, சிலருக்கு மட்டும் தெரியப்போகும் கிளைகளை எழுதுவது கட்டுப்படியாகுமா? 2015-ல் இந்தக் கேள்விக்கு அனுமானமே விடை. 2023-ல் நேரடி விடை வந்தது. லேரியன் நிறுவனத்தின் ‘பால்டர்ஸ் கேட் 3’, நீண்ட காலம் நின்றுபோயிருந்த ஒரு பழம்பெரும் வரிசையின் மூன்றாம் பாகம். முறைவைத்து ஆடும் சண்டை, பகடை உருளும் உரையாடல், குலத்துக்கும் தொழிலுக்கும் ஏற்ப மாறும் பதில்கள். மற்ற எல்லோரும் பேசுவார்கள். உரையாடலில் ஆடுபவரின் பதில் மட்டும் எழுத்தில் இருக்கும். அந்த மௌனம் எழுதுகிறவர்களின் கையை அவிழ்த்துவிட்டது. உலகெங்கும் பெரும் விற்பனை, அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருது. பெரும் கூட்டத்துக்குச் சிக்கலான தேர்வுகள் பிடிக்காது என்ற வாதம் அத்தோடு காலாவதியாகிவிட்டது.

நான்காவதாக, வீடு கட்டும் சுதந்திரம், எங்கும் போகும் சுதந்திரம் எல்லாம் பாத்திரமேற்பு இல்லையா, மீதியைக் கற்பனை செய்துகொள்ளலாமே என்பார்கள். கற்பனைக்கு யாரும் தடை போட முடியாது. ஆனால் தன்னந்தனியே கற்பனை செய்ய விளையாட்டு எதற்கு? நம் கற்பனைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு மறுமொழி வர வேண்டும் என்றுதான் மேசையில் ஒரு நடத்துநர் உட்கார்ந்திருந்தார். சுவரை எங்கே எழுப்பினாலும் ஏனென்று ஒருவரும் கேட்காத உலகில், அந்த மறுமொழி இல்லை.

பெதெஸ்டாவே இதை உணர்ந்திருக்கிறது என்பதற்கு அதன் பின்னாள் படைப்புகள் சாட்சி. ஃபால்அவுட் 4-ன் உரையாடல் முறை சரியாக அமையவில்லை என்று அதன் இயக்குநர் டாட் ஹோவர்டே அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டார். 2016-ல் வந்த ‘ஃபார் ஹார்பர்’ இணைப்பில், ஒரு தீவில் மூன்று சமூகங்களுக்கு இடையிலான பகையை எப்படித் தீர்ப்பது என்ற கேள்வியைக் கனமாகவே எழுதினார்கள். அதே தொழில்நுட்பம், அதே குரல்கள். அதாவது குரலோடும் கொஞ்சம் முடியும், மனம் வைத்தால். 2018-ன் ‘ஃபால்அவுட் 76’ பேச மனிதர்களே இல்லாத உலகமாக வந்து கடும் விமர்சனம் வாங்கியது. 2020-ல் மனிதர்களைச் சேர்த்தபோது குணங்களைச் சோதிக்கும் பழைய பாணி உரையாடலும் திரும்பி வந்தது. 2023-ல் வந்த அவர்களின் ‘ஸ்டார்ஃபீல்ட்’ விளையாட்டில் நாயகன் பேசுவதே இல்லை. முழு வாக்கியங்களின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். ஏமாந்தவர்களின் குறை வெறும் முணுமுணுப்பாக இருந்திருந்தால், உருவாக்கியவர்கள் இந்தத் திசையில் திரும்பியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

புகழ்பெற்ற வரிசை ஒன்றின் உரிமை கைமாறும்போது நீலச் சீருடையும் காப்பிடக் கதவும் பெயரும் கூடவே வந்துவிடும். அந்தப் பெயர் மதிப்புப் பெறக் காரணமாக இருந்த உழைப்பு தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டும். அதனால் அடுத்த ஃபால்அவுட்டிடம் ரசிகர்கள் கேட்க வேண்டியது பெரிய வரைபடத்தையோ பழைய இடங்களின் தரிசனத்தையோ அல்ல. பேசத் தெரியாத ஒருவன், சுடத் தெரியாத மருத்துவர், கொள்கைக்காகத் துப்பாக்கியே தூக்காத ஒருத்தி என்று மூன்று வேறு ஆட்கள் அந்த உலகத்துக்குள் நுழைந்தால், மூவருக்கும் மூன்று வேறு கதை கிடைக்குமா என்று கேட்க வேண்டும். நாவலையும் சினிமாவையும் அவற்றுக்கே உரிய வசதியை வைத்துத்தான் நாம் கேள்வி கேட்கிறோம். ஆடுபவரின் முடிவுகளால் கதை மாறுவது இந்தக் கலைக்கு மட்டுமே கிடைத்த வசதி. அதைக் கைவிட்ட படைப்பு எத்தனை கோடி விற்றாலும், அது கைவிட்டதைச் சுட்டிக்காட்டுவது ரசிகரின் கடமை.